ஜாக் கெல்லி தோற்றாரா? – கடிதம்

வணக்கம் ஐயா,

விளையாட்டில் கிடைத்த பெயரை வைத்து ஓட்டுக் கேட்பவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் ஜாக் கெல்லியைச் சொன்னார். படகுப் போட்டியில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், நடிகை கிரேஸ் கெல்லியின் அப்பா. ஆனாலும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மேயர் தேர்தலில் தோற்றார். பதக்கத்துக்கு ஓட்டு விழாது என்பதற்கு அவரே சாட்சி என்கிறார். சரிதானா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் முடிவை மட்டும் பார்க்கிறார். கெல்லி கொத்தனார். செங்கல் அடுக்கிப் பிழைத்தபடியே பிலடெல்பியாவின் ஸ்கூல்கில் ஆற்றில் துடுப்பு வலித்துப் பழகியவர். 1920-ல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அவருடைய வெஸ்பர் படகு கிளப் மீது பழைய தடை ஒன்று இருந்தது. அதோடு, கூலிக்குக் கைவேலை செய்பவர் அமெச்சூர், அதாவது காசுக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக விளையாடுபவர், ஆகமாட்டார் என்று ஒரு விதியும் அங்கே அப்போது இருந்தது. அந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதே கோடையில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக். ஒற்றையர் இறுதியில் அவரை எதிர்த்தவர், அந்த ஆண்டு ஹென்லியில் வென்ற ஜாக் பெரஸ்ஃபோர்டு. கெல்லி ஒரே ஒரு விநாடியில் முந்தினார். முடிந்ததும் கைகுலுக்கக்கூட இருவருக்கும் தெம்பில்லை. அரை மணி நேரத்துக்குள் மறுபடி படகேறி, உறவினர் பால் காஸ்டெல்லோவோடு இரட்டையர் தங்கத்தையும் வாங்கினார். 1924 பாரிஸிலும் அந்த ஜோடிக்கே தங்கம்.

இனி அரசியல். பிலடெல்பியாவில் 1884-லிருந்து பெரும்பாலும் குடியரசுக் கட்சி மேயர்கள்தான். பெயரைக் காசாக்க நினைப்பவர் ஜெயிக்கிற கட்சிக்குத்தானே போவார்? கெல்லி 1935-ல் ஜனநாயகக் கட்சிக்காக நின்றார், 50,000-க்கும் குறைவான வாக்கில் தோற்றார். அந்தக் கட்சி அங்கே மேயர் பதவியைப் பிடிக்க 1951 தேர்தல் வரை ஆயிற்று என்றால், அவர் எந்தச் சுவரில் மோதினார் என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் பெருமைப்பட வேண்டியவற்றில் அந்தத் தோல்வியும் ஒன்று.

அப்புறம் இன்னொன்று. 1937-ல் ஹென்லி அந்தக் கூலி விதியைக் கைவிட்டது. பத்து ஆண்டு கழித்து, 1947-ல், அங்கே ஒற்றையருக்கான டயமண்ட் ஸ்கல்ஸ் கோப்பையை வென்றவர் கெல்லியின் மகன் ஜான். அதே மகன் பின்னாளில், அப்பா தோற்ற அதே பிலடெல்பியாவில், மக்கள் ஓட்டுப் போட்டு நகர மன்றத்துக்குப் போனார். இதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.