முதலும் கடனும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் நானும் நண்பரும் சேர்ந்து பனியன் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினோம். நான் ஐந்து லட்சம் போட்டேன். அப்புறம் ஒரு தீபாவளி போனஸுக்கு இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்தேன். அவர் போட்டது குறைவு, ஆனால் யூனிட்டைப் பார்த்துக்கொண்டார். 2024 கடைசியில் கடையைக் கலைத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். மெஷின்களை இன்னும் அவர்தான் ஓட்டுகிறார். ஏழு லட்சத்தைக் கேட்டால் நஷ்டம் என்கிறார், தனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது என்கிறார். கூட்டாண்மைப் பத்திரம் இருக்கிறது, நிறுவனத்தைப் பதிவு செய்யவில்லை. அதனால் கேஸ் போடவே முடியாதாமே?

கே.

அன்புள்ள கே.,

ஏழு லட்சம் என்று ஒரே தொகையாகக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். ஐந்து லட்சம் நீங்கள் போட்ட முதல். தொழில் நஷ்டப்பட்டால் அது கரையும். இரண்டு லட்சம் கடனாகக் கொடுத்தது என்றால் கதை வேறு. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி, மெஷினை விற்று வரும் காசில் நூல் கடைக்காரர் போன்ற வெளியாரின் பாக்கி முதலில் அடைய வேண்டும். அடுத்து கூட்டாளி கொடுத்த கடன், அதற்கும் பிறகுதான் முதல். ஆகவே அந்த இரண்டு லட்சம் எந்தத் தலைப்பில் வரவாகியிருக்கிறது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். முழுச் சண்டையும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

சம்பளம், பத்திரத்தில் எழுதியிருந்தால் உண்டு. இல்லையென்றால் சட்டப்படி கிடையாது. ராப்பகலாக யூனிட்டில் கிடந்தவருக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன், பேசும்போது கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பதிலுக்கு, கணக்கை முடிக்காமல் மெஷினை ஓட்டும் காலத்துக்கு லாபத்தில் ஒரு பங்கோ, உங்கள் பங்கின் மீது ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோ கேளுங்கள். விலகிய கூட்டாளிக்கு 37ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.

கேஸ் போட முடியாது என்பது பாதி உண்மை. பதிவாகாத நிறுவனம் வெளியாரிடம் வசூலிக்கவும், கூட்டாளிகள் ஒப்பந்தத்தை வைத்து ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடவும் 69ஆம் பிரிவு தடை. ஆனால் கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட அதே பிரிவு வழிவிடுகிறது. கலைந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு, உங்களுக்கு 2027 கடைசி வரை. ஆனால் வாயால் பேசிக் கலைத்திருக்கிறீர்கள். அந்தத் தேதியைக் காட்டும் வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கலைத்ததை அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ் நாளிதழிலும் அறிவித்தீர்களா? அறிவிக்காத வரை, அவர் நிறுவனத்தின் பெயரில் இன்று வாங்கும் கடனுக்கும் உங்களைப் பிடிப்பார்கள். வக்கீலைப் பார்க்கும் அன்றே அதையும் செய்துவிடுங்கள்.