திருப்பூர் கார்மெண்ட் ஆபீஸுக்கு 18 இன்ச் லேப்டாப்: வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

கேள்வி இது: பேட்டர்ன் (துணி வெட்டற அளவு வரைபடம்), மார்க்கர் (பேட்டர்னைத் துணி மேல அடுக்கற வரைபடம்), ஆன்லைன் கேட்டலாக் வீடியோ, டேலி எல்லாத்துக்கும் ஒரே மிஷினா விலை உயர்ந்த 18 இன்ச் லேப்டாப் வாங்கலாமா?

வாங்கலாமுங்க. ஆனா பெட்டி மேல இருக்கிற சிப் பேரைப் பார்த்து முடிவு பண்ணிராதீங்க. சூடேறி அரை மணி நேரம் ஆன பிறகும் அதே வேகத்துல ஓடுதா, அதுதான் கேள்வி.

என்விடியாவோட கிராபிக்ஸ் சிப் ஆர்டிஎக்ஸ் 4070னு ரெண்டு லேப்டாப்புல எழுதியிருக்கும். அந்தச் சிப்பை 35 வாட்டுலிருந்து 115 வாட் வரைக்கும் எந்த அளவுல வேணும்னாலும் ஓட்டிக்கலாம்னு என்விடியாவே கம்பெனிகளுக்கு விட்டிருக்குது. அதனால பேரு ஒண்ணு, வேகம் வேற. 4090லயும் இதே கதை: லேப்டாப்புல வர்றதுக்கு 16 ஜிபி மெமரி, டெஸ்க்டாப் கார்டுக்கு 24 ஜிபி. கடையில "டிஜிபி, அதாவது கிராபிக்ஸுக்குப் போற பவர், எத்தனை வாட்டுங்க?"ன்னு கேளுங்க. பதில் வரலீன்னா அந்த மாடலோட கம்பெனி சைட்டுல பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

உங்க வேலையில பாதிக்கு இவ்வளவு பெரிய கிராபிக்ஸ் தேவையே இல்லைங்க. பேட்டர்ன், கிரேடிங் (ஒரே பேட்டர்னை வேற வேற சைஸுக்கு மாத்தறது) எல்லாம் 2டி. மார்க்கரைத் தானா அடுக்கற நெஸ்டிங் பெரும்பாலும் சிபியு, அதாவது மெயின் சிப்போட வேலை. குளோ மாதிரி 3டி சாஃப்ட்வேர்ல துணி எப்படி விழுதுன்னு பார்க்கறதா இருந்தா மட்டும் நல்ல கார்டு வேணும்.

வீடியோவுல ஒரு சூட்சுமம் இருக்குது. இப்ப வர்ற கேமராக்கள்ல நிறைய 4:2:2 10 பிட் எச்.265ங்கற, கலர் விவரம் அதிகமா வெச்சுச் சுருக்கற ஃபார்மேட்டுல ஷூட் பண்ண முடியும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக்கு அதை ஹார்டுவேர்ல பிரிக்கத் தெரியாது. 50 வரிசைக்குத் தெரியும். 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் சிப்புல இருக்கிற குயிக் சிங்க்ங்கற வீடியோ பகுதிக்கும், ஆப்பிள் எம் வரிசைக்கும் தெரியும். ஏஎம்டி சிப்போட 4090 வாங்கிட்டு, "இத்தனை காசு போட்டும் டைம்லைன் திக்குது"ங்கறதுக்குக் காரணம் பல நேரம் இதுதான். எந்த கேமரா, எந்த ஃபார்மேட்டுன்னு முதல்ல எழுதி வெச்சுட்டு சிப்பைத் தேடுங்க.

சோதனைக்கு வருவோம். ஷோரூம்ல ஏசி 24 டிகிரி. சித்திரை மாச மத்தியானம் உங்க ஆபீஸ் 36 இருக்கும். அந்த 12 டிகிரி ஏறக்குறைய அப்படியே சிப் சூட்டுல ஏறும். 95, 100 தொட்டா மிஷின் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அதனால பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஒரே ஒருக்கா ஓட்டிப் பார்க்கறது பத்தாது. சினிபெஞ்சுங்கற சோதனை சாஃப்ட்வேரை 30 நிமிஷ மோடுல வெச்சு, எச்டபிள்யூஇன்ஃபோங்கற அளவு காட்டற சாஃப்ட்வேர்ல சிபியு வாட்டைக் கவனியுங்க. ஆரம்பத்துல 130 வாட் இருந்து கால் மணியில 60க்கு இறங்குச்சுன்னா, உங்க வேலைக்குக் கிடைக்கப் போறது அந்த 60தான். மாத்திக்கிற கெடு முடியறதுக்குள்ள, உங்க மேஜையில, உங்க ஃபைலை வெச்சே இதைப் பண்ணிருங்க.

திருப்பூருக்குன்னே ஒரு எதிரி உண்டு: பஞ்சுத் தூசி. கட்டிங் டேபிளுக்குப் பக்கத்துல வெச்சா பஞ்சு ஃபேன் வழியா உள்ள போயி, ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவுல கம்பளி மாதிரி அடைச்சுக்கும். வெளிய இருந்து பார்த்தா தெரியாது. சத்தம் கூடும், வேகம் குறையும். மூணு மாசத்துக்கு ஒருக்கா பின்மூடியைக் கழட்டி, ஃபேன் சுத்தாம விரல்ல பிடிச்சுக்கிட்டு, ப்ளோயர்ல ஊதுங்க. ஃபேனைச் சுத்த விட்டு ஊதுனா பேரிங் கெட்டுப் போயிரும். மூடியைத் திறந்தா வாரண்டி போகுமான்னு வாங்கறப்பவே கேட்டுக்குங்க.

இந்த ரகத்துக்கு 330 வாட் மாதிரி பெரிய அடாப்டர் வரும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாங்கறது சுமார் 360 வாட். அதுல மானிட்டரையும் சேர்த்து மாட்டிராதீங்க. லேப்டாப்புக்குள்ளயே பேட்டரி இருக்கறதால யூபிஎஸ்ஸை ரூட்டருக்கு விட்டுருங்க. கரண்ட் போனா ரெண்டரிங் நிக்காது, ஆனா பேட்டரியில கிராபிக்ஸ் வேகம் பாதிக்கும் கீழ போயிரும். மெட்டல் பாடியில கை வெச்சா சுர்ருனு இருந்தா எர்த்திங் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

திரை 2560க்கு 1600 வேணும். 18 இன்ச்சுல 1920க்கு 1200 போட்டா எழுத்து சொரசொரன்னு தெரியும். ஓஎல்ஈடி பார்க்க அழகு, ஆனா ஒரே டூல்பார் நாள் பூரா நிக்கற கேட் (CAD, கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடறது) வேலைக்கு ஐபிஎஸ் திரைதான் என் தேர்வு. ஓஎல்ஈடியில அந்தத் தடம் பதிஞ்சு போற அபாயம் இருக்குது. எஸ்ஆர்ஜிபி, அதாவது வெப்ல பயன்படற கலர் அளவு, 100 சதவீதம் இருந்தா கேட்டலாக்குக்குப் போதும். எவ்வளவு நல்ல திரையா இருந்தாலும் லேப் டிப் (சாயத்துக்கு முன்னாடி வர்ற சாம்பிள் துணி) ஷேடை மட்டும் அதுல பார்த்து ஓகே பண்ணாதீங்க. அதுக்கு நிஜத் துணியை ஒரே மாதிரி வெளிச்சத்துல பார்க்கற லைட் பாக்ஸ்தான்.

ரேம் 32 ஜிபி, ரெண்டு ஸ்டிக்கா. பேட்டர்ன் சாஃப்ட்வேரோட லைசென்ஸ் சாவியான டாங்கிளுக்குப் பழைய யூஎஸ்பி போர்ட்டும், மார்க்கரைப் பேப்பர்ல வரையற பிளாட்டருக்கு லேன் போர்ட்டும் இருக்குதான்னு பாருங்க.

மிஷின் 3 கிலோவைத் தாண்டும், அடாப்டர் ஒரு கிலோ பக்கம். தினமும் கோவைக்கும் திருப்பூருக்கும் பஸ்ஸுல தூக்கிட்டுப் போறதா இருந்தா 16 இன்ச் வாங்கிட்டு, ஆபீஸ்ல 27 இன்ச் மானிட்டர் ஒண்ணு வெச்சுக்குங்க.