பில் புரோகிராம் நின்றுபோனால் பவர் பட்டனை அமுக்கலாமா?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடை போட்டு வாங்கும் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் புரோகிராம் அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து ஆஃப் செய்து, திரும்ப ஆன் செய்கிறேன். இரண்டு தடவை அன்றைய கணக்கே காணாமல் போனது. சர்வீஸுக்கு வரும் பையன் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடணும் என்கிறான். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்தப் பவர் பட்டனை விட்டுவிடுங்கள், கணக்கு போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

நீங்கள் ‘சேவ்’ கொடுத்ததும் அந்த எடை நேராக டிஸ்கில் போய் உட்காருவதில்லை. புரோகிராம் அதை விண்டோஸ் கையில் கொடுக்கிறது, விண்டோஸ் வாங்கி ராமில் (RAM, கரண்ட் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் இடம்) வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து மற்றதோடு சேர்த்து டிஸ்கில் எழுதுகிறது. ஒவ்வொரு வரிக்கும் டிஸ்க் வரை போய் வந்தால் வேலை நகராது. ‘உடனே எழுது’ என்று புரோகிராம் கேட்டால் எழுதும், ஆனால் எல்லா புரோகிராமும் அப்படிக் கேட்பதில்லை. அந்த இடைவெளியில் கரண்டை நிறுத்தினால் ராமில் இருந்தது போனது போனதுதான். திரும்ப ஆன் செய்யும்போது விண்டோஸ் தன் ஃபைல் அடுக்கைச் சரிசெய்துகொள்ளும், அதனால் கம்ப்யூட்டர் ஒழுங்காகவே வரும், உள்ளே உங்கள் எண்கள் மட்டும் இருக்காது.

நின்றது புரோகிராம்தானா என்று பாருங்கள். மவுஸ் நகர்கிறதா, மூலையில் மணி மாறுகிறதா? அப்படியென்றால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விண்டோஸ் அனுப்பியதை அந்தப் புரோகிராம் 5 விநாடியாக எடுக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பிரிண்டருக்கோ டிஸ்குக்கோ காத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள்.

அப்புறமும் அசையவில்லையா, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல்) திறந்து, பில் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அந்தப் புரோகிராம் பிடித்து வைத்திருந்த ராம், திறந்து வைத்திருந்த ஃபைல் எல்லாவற்றையும் விண்டோஸ் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே விண்டோஸ் கைக்கு வந்துவிட்ட கணக்கு டிஸ்குக்குப் போய்விடும், பாதியில் நிற்கும் அந்த ஒரு பில் மட்டும் போகலாம். பவர் பட்டனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மழைக்காலத்தில் இடி இடித்தால் கரண்ட் போகிற ஊர் நம்முடையது, நீங்கள் பட்டனைத் தொடாவிட்டாலும் இதே நஷ்டம் வரும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் கம்ப்யூட்டரை ஓட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

சரி, ஏன் நிற்கிறது? டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள எண் வெகுநேரம் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்கே தேய்ந்து போயிருக்கலாம். அப்படி இருந்தால் விண்டோஸைப் புதிதாகப் போட்டும் பயனில்லை. இன்றைக்கே கணக்கு ஃபைல்களைப் பென் டிரைவில் நகல் எடுங்கள், திரையில் ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே பென் டிரைவை உருவுங்கள். அடுத்த தடவை நிற்கும்போது அந்தத் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்து, பையன் வரும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.