லினக்ஸ் கணினியை அணைக்கும்போது சில சமயம் ஒன்றரை நிமிடம் காத்திருக்க நேர்வது ஏன்? அந்த நேரத்தைக் குறைக்கலாமா?

நிற்கச் சொல்லியும் நிற்காத ஒரு சேவைக்கு (பின்னணியில் ஓடும் நிரலுக்கு), சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் இயல்பாக வழங்கும் 90 விநாடி அவகாசமே அந்த ஒன்றரை நிமிடம்.

இன்றைய பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில், இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதலில் இயக்கும் நிரல், அதாவது பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண் 1, சிஸ்டம்டிதான். ஃபெடோரா 2011-இலும் டெபியன் 2015-இலும் இதற்கு மாறின. எந்த நிரலை, எதற்குப் பின் இயக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சேவைக்குமான யூனிட் கோப்பு சொல்லிவிடுவதால், தொடங்குவதில் பெரிய சிக்கல் இல்லை.

நிறுத்துவதுதான் கடினம். சிஸ்டம்டிக்கு முன் புழக்கத்திலிருந்த சிஸ்-வி தொடக்க முறையில், சேவை தன் பிராசஸ் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். நிறுத்தும் ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் படித்து சிக்னல் அனுப்பும். அந்தக் கோப்பு பழையதாகிவிட்டாலோ, சேவை தனியே கிளை பிராசஸ்களை உருவாக்கியிருந்தாலோ, சில பிராசஸ்கள் எவர் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சிஸ்டம்டி ஒவ்வொரு சேவையையும் கெர்னலின் சிகுரூப் என்ற தனிக் குழுவில் வைப்பதால், அச்சேவை உருவாக்கும் கிளைகளும் அதே குழுவில் சேர்கின்றன. நிறுத்தும்போது குழு முழுவதற்கும் முதலில் 'நின்றுவிடு' என்று கேட்கும் சிக்டெர்ம் சிக்னல் செல்கிறது. நிரல் அதைப் பெற்று, கையிலுள்ள தரவை வட்டில் எழுதிவிட்டு விடைபெறலாம். அவகாசம் முடிந்தும் எஞ்சியிருப்பவற்றுக்கு, எந்த நிரலாலும் தடுக்க முடியாத, உடனே கொல்லும் சிக்கில் என்ற சிக்னல் அனுப்பப்படுகிறது. கணினியை அணைக்கும்போது, சேவைகள் தொடங்கப்பட்ட வரிசை தலைகீழாகிறது. நெட்வொர்க்குக்குப் பின் தொடங்கும்படி குறிக்கப்பட்ட சேவை, நெட்வொர்க் நிற்பதற்கு முன்பே நிறுத்தப்படும்.

எல்லாச் சேவைகளுக்குமான அவகாசத்தையும் 10 விநாடியாகக் குறைத்துவிடுங்கள் என்று பலர் தரும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குச் சிக்டெர்ம் கிடைத்தால், புதிய இணைப்புகளை மறுத்துவிட்டு, ஏற்கெனவே இணைந்திருப்பவர்கள் தாமாக விலகும்வரை அது காத்திருக்கும். அதனால்தான் அதன் அதிகாரபூர்வ ஆவணத்திலுள்ள மாதிரி யூனிட் கோப்பு, நிறுத்துவதற்கு, இணைப்புகளைத் துண்டித்துவிட்டு நிற்கச் சொல்லும் சிக்இன்ட் சிக்னலையும் வரம்பற்ற அவகாசத்தையும் குறிப்பிடுகிறது. அவகாசமின்றிக் கொல்லப்பட்டாலும் போஸ்ட்கிரெஸ், மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் பதிவேட்டைக் கொண்டு மீண்டுவிடும். கோப்பைப் பாதி எழுதிய நிலையில் கொல்லப்படும் சாதாரண நிரலுக்கு அத்தகைய பாதுகாப்பு கிடையாது.

ஆகவே, கணினியை மீண்டும் இயக்கியபின், ஜர்னல்சிடிஎல் கட்டளையால் கணினி முந்தைய முறை இயங்கியபோதான பதிவைப் பார்த்து, அவகாசத்தைத் தாண்டிய சேவை எது என்று கண்டறியுங்கள். அது எதற்காகக் காத்திருந்தது என்பது தெளிவான பிறகு, தேவைப்பட்டால் சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளை மூலம் அந்த ஒரு சேவையின் அவகாசத்தை மட்டும் மாற்றுங்கள்.