காலையில் பேசும், உச்சிவெயிலில் ஊமை

டி.சி. கேபிளில் சிக்னல் ஏற்றுவது பற்றி வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர்: மின்கம்பி வழியாகவே பேச்சும் தகவலும் அனுப்பும் சப்ஸ்டேஷன் ‘கேரியர்’ அறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர்.

கேள்வி: சோலார் பண்ணையில் 1000 வோல்ட் டி.சி. கேபிள் வழியாகவே பேனல் வரிசைகளின் அளவுகளை எடுக்கப் பார்க்கிறோம். கேபிளில் ஃபெரைட் (காந்தமேறும் பீங்கான் மாதிரிப் பொருள்) வளையம் மாட்டி, மோடம் கம்பியை அதில் சுற்றியிருக்கிறோம். காலையில் நன்றாக வருகிறது, வெயில் ஏறினால் போய்விடுகிறது. மோடத்தை மாற்றியும் பலனில்லை. (விருதுநகர் வாசகர்)

பதில்: மோடத்தைத் திட்டாதீர்கள் தம்பி, கோளாறு வளையத்தில். டி.சி. கரண்ட் ஒரே திசையில் விடாமல் காந்தமேற்றிக்கொண்டே இருக்கும். ஃபெரைட்டின் ஊடுதிறன் (காற்றைவிட எத்தனை மடங்கு காந்தமேறும் என்பது) 5000, காந்தப் பாதை 10 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். காலையில் 2 ஆம்பியர் ஓடும்போது காந்தச் செறிவு 0.13 டெஸ்லாதான். மத்தியானம் 12 ஆம்பியர் என்றால் 0.75 வர வேண்டும். ஃபெரைட் தாங்குவதோ சுமார் 0.4. அதற்கு மேல் வளையம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வளையத்தை இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து மொத்தம் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கேபிள் ஒரு முறை மட்டும் நுழைந்தால் 12 ஆம்பியரிலும் 0.03 டெஸ்லாவைத் தாண்டாது. சிக்னலை ஏற்ற உதவும் இண்டக்டன்ஸும் 26-ல் ஒரு பங்காகிவிடுமே என்பீர்கள். கேபிளை மூன்று முறை வளையத்துக்குள் நுழைத்து எடுங்கள், ஒன்பது மடங்கு திரும்பக் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் வளையத்தை விட்டு, டி.சி.யைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் கெப்பாசிட்டர் வழிதான் நல்லது. ஃபிலிம் வகையாக, 1500 வோல்ட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். மலிவான செராமிக் வேண்டாம், டி.சி. ஏறினால் அதன் கொள்ளளவு இறங்கிவிடும். பக்கத்தில் ஒரு டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். லைனை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர் கையைப் பதம் பார்க்கும். அப்புறம், இன்வெர்ட்டர் வாசலில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் உங்கள் சிக்னலை அப்படியே விழுங்கிவிடும். இன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சோக் (சிக்னலைத் தடுக்கும் கம்பிச் சுருள்) போடுங்கள். அதுவும் 12 ஆம்பியரில் காந்தம் நிரம்பாத சோக்காக இருக்கட்டும், இல்லையென்றால் பழைய கதைதான்.

கேள்வி: சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் டி.சி. மாதிரியான லைனிலும் பழைய கேரியர் சிக்னலை ஏற்ற முடியுமா? (கரூர் வாசகர்)

பதில்: முடியும். ஏ.சி. லைன்களில் நாங்கள் போட்ட 4400 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏழு லட்சம் ஓமுக்கு மேல் தடை காட்டும். 300 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்கு 120 ஓம்தான். டி.சி.க்கு முழுக் கதவடைப்பு, காகிதத்தில். நிஜத்தில் அது அடுக்கடுக்காகக் கோத்த பல கெப்பாசிட்டர்கள். ஏ.சி.யில் வோல்ட்டேஜ் கொள்ளளவுப்படி பங்காகும், டி.சி.யிலோ கசிவுப்படி. கசிவு குறைந்த அடுக்கின் தலையில் அதிக வோல்ட்டேஜ் ஏறி, அது முதலில் உடையும். அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் இணையாக ரெசிஸ்டர் வைத்துப் பங்கைச் சமப்படுத்துவார்கள்.

அந்த லைனின் முழுத் திறன் 6000 மெகாவாட், அதாவது 3750 ஆம்பியர். சிக்னல் கன்வெர்ட்டருக்குள் (ஏ.சி.யையும் டி.சி.யையும் மாற்றும் நிலையம்) ஓடாமல் தடுக்கும் வேவ் ட்ராப் சுருளுக்கு உள்ளே இரும்போ ஃபெரைட்டோ கிடையாது, வெறும் காற்று. விருதுநகர் தம்பியின் தொல்லை அங்கே வராது. பெரிய தொல்லை கன்வெர்ட்டரில் சுவிட்ச் வேலை செய்யும் தைரிஸ்டர்களின் மின் இரைச்சல். அது கேரியர் அலைவரிசைக்குள்ளேயே வந்து விழும், தனி ஃபில்டர் வைத்தால்தான் அடங்கும். இன்று கோபுர உச்சியில் ஓடும் தரைக்கம்பிக்குள்ளேயே ஒளியிழை வந்துவிட்டதால் இந்தப் பாடெல்லாம் பெரும்பாலும் தேவையில்லை.

கேள்வி: மின்சாரக் காரும் டி.சி. சார்ஜரும் பேசிக்கொள்வது அந்தத் தடித்த கேபிளிலா? (கோவை வாசகர்)

பதில்: இல்லை. சார்ஜர் இணைப்புகளில் சி.சி.எஸ். என்ற வகையில் கைப்பிடிக்குள் ‘கன்ட்ரோல் பைலட்’ என்று தனியாக ஒரு மெல்லிய கம்பி வரும். மோடம் சிக்னல் அதில்தான் ஏறுகிறது. சாடெமோ என்ற இன்னொரு வகையில் மோடமே கிடையாது. அது கேன் பஸ் (வண்டிக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் கம்பி இணைப்பு) வழியாகப் பேசும்.