ஈகையா, அரசு நிதியா?

கேள்வி: ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு உதவுவது தனிமனிதரின் ஈகையாகவே இருக்க வேண்டும், வரிப்பணத்தை எடுத்துக் கொடுப்பது தர்மம் ஆகாது என்று என் நண்பர் வாதிடுகிறார். தங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் நண்பருக்கு வரலாற்றில் நல்ல சான்று ஒன்று உண்டு. முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகும் பிரிட்டனும் அதன் கூட்டாளிகளும் கடல் முற்றுகையை விலக்காததால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடிய 1919-ஆம் ஆண்டில், அக்கொடுமையைச் சொல்லும் துண்டறிக்கைகளை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்த ஆங்கிலேயச் சமூக சேவகி எக்லன்டைன் ஜெப் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் விதித்தது. அதே ஆண்டில் அவர் தொடங்கியதுதான் ‘சேவ் தி சில்ட்ரன்’ என்ற குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம். பட்டினிக்கு அரசே காரணமாகும்போது தனியார் ஈகையை விட்டால் குழந்தைக்கு வேறு நாதியில்லை.

ஆனால், தொடங்கி வைப்பது வேறு, ஆண்டுதோறும் விடாமல் நடத்துவது வேறு. தட்டம்மைத் தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து புறப்படும் இடத்திலிருந்து கடைக்கோடிக் கிராமம் வரை குளிர்ச்சி குறையாமல் போய்ச் சேர வேண்டும்; ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு தவணை போட வேண்டும்; அடுத்த ஆண்டு பிறக்கும் குழந்தைகளுக்காக எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். குளிர்ப்பெட்டியையும் செவிலியரின் மாதச் சம்பளத்தையும் காட்டி நன்கொடை கேட்டால் உண்டியல் நிறையாது. எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையின் படத்துக்கு நிறையும். தட்டம்மை வராமலே தப்பிய குழந்தைக்கு ஏது படம்? 2000-ஆம் ஆண்டில் ‘காவி’ தடுப்பூசிக் கூட்டமைப்பு உருவானபோது கேட்ஸ் அறக்கட்டளை 75 கோடி டாலர் தர முன்வந்தது பெரிய காரியம்தான்; எனினும், பின்னர் அதன் நிதியில் பெரும்பங்கு அரசுகளிடமிருந்தே வந்தது.

கேள்வி: அரசு உதவி மட்டும் நிலையானதா? 2025-இல் அமெரிக்கா பெருமளவு நிறுத்திவிட்டதே?

பதில்: கூர்மையான கேள்வி. 1961-இல் தொடங்கப்பட்ட, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ‘யுஎஸ்எய்ட்’ 2025 ஜூலையில் செயல்பாட்டை நிறுத்தியது. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்குக் கொடுக்கும் நிலக்கடலைப் பசை 92 கிராம் பொட்டலமாக வருகிறது; ஒன்றில் 500 கிலோ கலோரி. நாளுக்கு இரண்டு மூன்று என்று சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் குழந்தை தேறும், இடையில் நிறுத்தினால் பயனில்லை. அந்தப் பசைக்குப் பெருமளவு பணம் கொடுத்துவந்தது அமெரிக்க அரசு. தனியார் தொண்டு நிறுவனங்கள் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாமே என்பீர்கள். அவற்றில் பலவும் அந்த அரசுப் பணத்தில்தான் களப்பணி செய்துவந்தன என்பது, பெயர்ப்பலகையை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தெரியாத செய்தி. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இல் தீர்மானித்தது. அதை எட்டிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசு கைவிட்டால் அதைக் கேள்வி கேட்க வாக்காளருக்கு உரிமை உண்டு. கொடையாளர் கைவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் என் மனம் அரசு நிதியின் பக்கமே சாய்கிறது.

கேள்வி: ஒரு குழந்தையைப் பொறுப்பேற்று மாதந்தோறும் பணம் அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். ஆனால், உங்கள் பணம் அந்த ஒரு குழந்தையின் கைக்கே போகிறதா, அந்த ஊரின் கிணற்றுக்கும் பள்ளிக்கும் பொதுவாகச் செலவாகிறதா என்பதை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் செலவாகிறது என்றால் ஏமாற்றம் கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கும்.