மங்கி ஐலேண்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1990-இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலேண்ட்’ விளையாட்டைப் பற்றி வந்த கேள்விகளிலிருந்து சில. கடற்கொள்ளையன் ஆகியே தீருவேன் என்று ‘மெலே’ என்ற தீவில் வந்து இறங்கும் கைப்ரஷ் த்ரீப்வுட் என்ற இளைஞனின் கதை இது. படத்தில் தெரியும் பொருள்களைக் கிளிக் செய்து, எடுத்து, பேசி, புதிர்களை அவிழ்க்க வேண்டும். சிக்கிக்கொண்டவர்கள் கேட்டிருப்பதால் பதில்களில் தீர்வுகளும் இருக்கின்றன. தானாகவே கண்டுபிடிக்க நினைப்பவர்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பதிலைத் தாண்டிப் போகலாம்.

கே: புதிதாக ஆரம்பிக்கிறேன். பழைய பதிப்பா, 2009-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ப: முதல் தடவை என்றால் ஸ்பெஷல் எடிஷனை வாங்கி, அதற்குள் இருக்கும் பழைய பதிப்பை விளையாடுங்கள். விளையாட்டின் நடுவே எஃப் 10 விசையை அழுத்தினால் புதிய ஓவியங்கள் மறைந்து 256 வண்ணப் பழைய படம் வந்துவிடும். மறுபடி அழுத்தினால் திரும்பிவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. குரல் நடிப்பு புதிய தோற்றத்தில் மட்டும்தான் கேட்கும். கைப்ரஷுக்குக் குரல் கொடுத்த டொமினிக் அர்மேட்டோ அந்தப் பாத்திரத்தோடு ஒன்றிப்போனவர், அதனால் கொஞ்ச நேரமாவது கேளுங்கள்.

ஆனாலும் புதிர் அவிழ்க்கும்போது பழைய தோற்றமே கை கொடுக்கும். ‘திற’, ‘தள்ளு’, ‘இழு’, ‘எடு’ போன்ற வினைச்சொற்கள் எப்போதும் திரையின் அடியில் கண் முன்னே இருக்கும். புதிய தோற்றத்தில் அந்தப் பட்டியல் மறைந்து கிடப்பதால், ஒரு பொருளைத் ‘தள்ளி’ப் பார்க்கலாமே என்ற யோசனையே பலருக்கு வருவதில்லை. ஓடைக்கரையில் இருக்கும் அறிவிப்புப் பலகையைத் தள்ளினால்தான் அது பாலமாகச் சாயும் என்பது இப்படித்தான் தவறிப்போகிறது.

மார்க் ஃபெராரி போன்றவர்கள் 16 வண்ணங்களை மட்டும் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகக் கலந்து வரைந்த முதல் பதிப்பும் உண்டு. அதன் இரவு வானத்தைப் பார்த்தவர்கள் அதுதான் அழகு என்பார்கள். எங்களுக்கும் அதே எண்ணம்தான்.

கே: என்னிடம் பழைய சிடி இருக்கிறது. பழைய விளையாட்டுகளை இயக்கும் ஸ்கம்-விஎம் மென்பொருளில் ஓடுகிறது, ஆனால் இசையே இல்லை. படமும் நசுங்கியதுபோல் இருக்கிறது.

ப: இரண்டும் வேறு வேறு காரணங்கள். 1992-இல் வந்த சிடி பதிப்பில் இசை விளையாட்டுக் கோப்புகளுக்குள் இல்லை. பாட்டு சிடியில் இருப்பதுபோல் தனித்தனி ஆடியோ டிராக்காக இருக்கிறது. ‘மங்கி.000’, ‘மங்கி.001’ ஆகிய இரண்டு கோப்புகளை மட்டும் நகலெடுத்திருந்தால் மைக்கேல் லேண்டின் இசை சிடியிலேயே தங்கிவிடும். ஆடியோ சிடியை ரிப் செய்யும் மென்பொருளால் அந்த டிராக்குகளை ஃபிளாக், எம்பி3 அல்லது ஓஜிஜி வடிவத்தில் எடுங்கள். சிடியின் வரிசை எண் மாறாமல் ‘டிராக்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு எண்ணை ஒட்டிப் பெயரிட்டு, அதே ஃபோல்டரில் போடுங்கள். எண் மாறினால் மதுக்கடையில் காட்டு இசை ஒலிக்கும்.

படத்துக்கு வருவோம். இந்த விளையாட்டு 320-க்கு 200 அளவில் வரையப்பட்டு, 4:3 திரையில் காட்டப்பட்டது. அதாவது அன்றைய திரையில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிடச் சற்று உயரமாக இருந்தது. இன்றைய திரையில் சதுரப் புள்ளியாகக் காட்டினால் எல்லோரும் குட்டையாகிவிடுவார்கள். கிராபிக்ஸ் அமைப்பில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்’ என்பதை இயக்கினால் உயரம் 240 ஆக நீண்டு சரியாகிவிடும்.

கே: வாள் சண்டையில் சாதாரணக் கொள்ளையர்களை எல்லாம் ஜெயித்துவிட்டேன். வாள் தலைவி கார்லாவிடம் போனால் அவள் சொல்லும் வசவுகள் எதுவும் என் பட்டியலிலேயே இல்லை. விளையாட்டில் கோளாறா?

ப: கோளாறு இல்லை. விளையாட்டின் சிறந்த புதிரே அதுதான். இங்கே வாள் வீச்சு வெறும் தோற்றம், சண்டை நடப்பது வாயால். ஒருவர் வைவார், மற்றவர் பொருத்தமான பதிலடி கொடுப்பார். பதில் பொருந்தினால் பதில் சொன்னவர் கை ஓங்கும். அந்த வசவுகளை எழுத நாவலாசிரியர் ஆர்சன் ஸ்காட் கார்டும் உதவியிருக்கிறார்.

கார்லாவின் வசவுகள் புதியவை, பதில்கள் பழையவை. வழியில் ஒரு கொள்ளையன் “மாட்டுப் பண்ணைக்காரன் மாதிரி சண்டை போடுகிறாயே” என்பான். அதற்கு “பொருத்தம்தான், நீ மாடு மாதிரி சண்டை போடுகிறாய்” என்பது பதில். கார்லா அப்படிக் கேட்க மாட்டாள். “உன் உடம்பிலிருந்து கடைசிச் சொட்டு ரத்தம் வரை கறந்துவிடுவேன்” என்பாள். கறப்பது என்றதும் மாடு நினைவுக்கு வர வேண்டும். அதே பதில் இங்கேயும் செல்லும். இன்னொருவன் “என் நாய்க்கு உன்னைவிட அறிவு அதிகம்” என்று சொல்லும்போது “உனக்குத் தெரிந்ததெல்லாம் அது சொல்லிக்கொடுத்ததுதானோ” என்று மடக்குவோம். கார்லா “இப்படி ஒரு கோழையை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்” என்பாள். அந்தக் கோழைதான் உனக்கு ஆசான் என்று பொருள்படும்படி அதே பதிலைச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்தவர் தோற்பார், பதில் ஏன் பொருந்துகிறது என்று யோசித்தவர் ஜெயிப்பார்.

பதில்கள் போதாமல் தோற்கிறீர்கள் என்றால் சேர்க்கும் முறை இது. எதிராளியின் வசவு உங்களுக்குத் தெரியாததாக இருந்தால், அந்தச் சுற்றில் தோற்றாலும் வசவு உங்கள் பட்டியலில் ஏறிவிடும். அதை அடுத்த ஆளிடம் நீங்களே வீசுங்கள். அவனுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுவான், அதுவும் ஏறிவிடும். ஆகவே ஜெயிக்கும் வசவையே திரும்பத் திரும்பச் சொல்பவர்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார். ஆரம்பத்தில் தாராளமாகத் தோற்கலாம், எதுவும் குறையாது. போதுமான அளவு கற்றதும், வாள் தலைவியை எதிர்க்கத் தகுதியானவன் நீ என்று தோற்ற கொள்ளையனே சொல்லிவிடுவான்.

கே: கார்லாவின் வீட்டுக்கே வழி தெரியவில்லை. காட்டில் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ப: கடைக்காரரிடம் வாள் தலைவியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவளைக் கேட்டுவர அவரே கிளம்புவார். பின்தொடருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் திரையை விட்டு எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்த பிறகே நகர வேண்டும். முந்திக்கொண்டால் தவறவிடுவீர்கள். தவறவிட்டால் கடைக்குத் திரும்பி மறுபடி கேளுங்கள்.

கே: சிறையில் இருக்கும் ஓட்டிஸை விடுவிக்க க்ராக் மதுவைக் கொண்டுபோனால் வழியிலேயே குவளை கரைந்து போகிறது. எத்தனை வேகமாகப் போனாலும் பலன் இல்லை.

ப: வேகம் மட்டும் போதாது. அந்த மது பூட்டையே அரிக்கக்கூடியது, தகரக் குவளை எம்மாத்திரம்? ஸ்கம் பாரில் கிடக்கும் குவளைகள் எல்லாவற்றையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பீப்பாயில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். பையில் அதன் பெயரைக் கவனித்தபடியே நடக்க வேண்டும். ‘உருகும் குவளை’ என்று பெயர் மாறிய உடனே, காலியான அடுத்த குவளைக்கு மாற்றி ஊற்றுங்கள்.

பெரும்பாலோர் செய்யும் பிழை, பயத்தில் முன்கூட்டியே ஊற்றிவிடுவது. ஒவ்வொரு குவளையின் ஆயுளையும் முழுவதும் பயன்படுத்தாவிட்டால் கடைசித் தெருவில் குவளை தீர்ந்துவிடும். இன்னொரு பிழை, வழியில் யாரிடமாவது பேச நிற்பது. சிறைக்குள் போனதும் மதுவை ஓட்டிஸிடம் கொடுக்காமல் பூட்டின் மேல் ஊற்றுங்கள். தவறினால் பாருக்குத் திரும்பி மறுபடி ஆரம்பிக்கலாம், முடிந்துபோகாது.

கே: இதில் கதாநாயகன் சாகவே மாட்டானாமே? அப்படியென்றால் விறுவிறுப்பு எங்கே?

ப: ஒரே ஓர் இடத்தில் சாகலாம். கையில் சிலையோடு கடலுக்கடியில் கட்டிப் போடப்படும்போது. தன்னால் 10 நிமிடம் மூச்சை அடக்க முடியும் என்று கைப்ரஷ் பீற்றிக்கொள்வது அங்கே உண்மையாகிவிடுகிறது. 10 நிமிடம் சும்மா இருந்தால் மூழ்கி இறப்பான். தப்புவது சுலபம். அவனைப் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சிலையை எடுத்துக்கொண்டு நடந்துவிட வேண்டியதுதான். சுற்றிலும் தெரியும் கத்திகளை எட்டிப்பிடிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

விறுவிறுப்பு இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்து சாகச விளையாட்டுகளில் தவறான அடி வைத்தால் மரணம். அதைவிடக் கொடுமை, முதல் காட்சியில் எடுக்க மறந்த பொருளால் கடைசிக் காட்சியில் முடங்கிப்போவது. இதை உருவாக்கிய ரான் கில்பர்ட் 1989-இலேயே இந்த வகை விளையாட்டுகளின் குறைகளை அடுக்கி ஒரு கட்டுரை எழுதியவர். இந்த விளையாட்டில் அந்தக் குறைகள் இல்லாமல் செய்து காட்டினார். எதையும் துணிந்து முயன்று பார்க்கலாம், எதைச் சொன்னாலும் கெடுதல் வராது என்ற நம்பிக்கை இருப்பதால்தான் வேண்டுமென்றே அசட்டுப் பதிலைத் தேர்ந்தெடுக்கிறோம், நகைச்சுவை முழுதும் கிடைக்கிறது.

கே: காட்டில் ஒரு மரத்தண்டு 22-ஆம் டிஸ்க்கைப் போடச் சொல்கிறது. என்னிடம் அது இல்லை.

ப: யாரிடமும் இல்லை, அது வெறும் வேடிக்கை. இதை நம்பி உதவி எண்ணுக்குப் பலர் அழைத்ததால் பின்னால் வந்த சிடி பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அடுத்த பாகத்தில் இதைத் தொட்டு ஒரு காட்சியும் உண்டு.

கே: கப்பலில் சூப் சமைக்கும் இடத்தில் நிற்கிறேன். கேட்கும் பொருள் எதுவும் கப்பலில் இல்லையே?

ப: அதே பொருள் வேண்டாம், அதற்கு ஒப்பானது போதும். உயிருள்ள கோழிக்கு உங்கள் ரப்பர் கோழி. குரங்கு ரத்தத்துக்கு சரக்கறையில் இருக்கும் ஒயின். மண்டை ஓட்டுக்குக் கொடிமரத்தில் பறக்கும் கொடி. மைக்கு கேப்டன் மேசையில் இருக்கும் மை. லவங்கப்பட்டை கேப்டன் அறையின் அலமாரிக்குள் இருக்கும் பெட்டியில் கிடைக்கும். அலமாரிச் சாவி எங்கே என்றுதான் பலர் தவிக்கிறார்கள். சமையலறையில் எடுத்த தானியப் பெட்டியைப் பைக்குள் வைத்தே ‘திற’ செய்யுங்கள், பரிசுப் பொருளாக அந்தச் சாவி விழும்.

சமையல் பானையை விட்டுவிடாதீர்கள். சர்க்கஸ் பீரங்கிக்குத் தலைக்கவசமான அதே பானை, கப்பல் பீரங்கியிலிருந்து தீவுக்குப் பாயும்போதும் வேண்டும். திரிக்கு நெருப்பு வைக்க, கப்பல் விற்கும் ஸ்டானின் விசிட்டிங் கார்டை அடுப்பில் பற்றவையுங்கள்.

கே: ரப்பர் கோழிக்கு நடுவில் கப்பியாம்! இதெல்லாம் நியாயமான புதிர்தானா?

ப: நியாயமானதே. பொருளின் பெயரிலேயே கப்பி இருக்கிறது, மீட்ஹுக் என்பவரின் தீவுக்குப் போகும் இடத்தில் கம்பி தொங்குவதும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டையும் பார்த்தவருக்குச் சிரிப்பும் வரும், விடையும் வரும். நியாயமற்றது என்றால் இரண்டாம் பாகத்தில், அருவியை நிறுத்த மயங்கிய குரங்கையே திருகுகருவியாக மாட்டும் புதிர். அந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மங்கி ரெஞ்ச்’ என்ற பெயர் தெரியாதவருக்கு எந்தத் துப்பும் இல்லை. அங்கே மட்டும் விடையைப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை.

கே: இரண்டாம் பாகத்தில் துப்பும் போட்டியில் எப்போதும் தோற்கிறேன்.

ப: மூன்று வேலைகளும் சேர வேண்டும். பழம்பொருள் கடையில் வாங்கிய ஊதுகுழலை ஊதினால், கப்பல் வந்துவிட்டதென்று எல்லோரும் ஓடுவார்கள். அந்த இடைவெளியில் கொடிகளை நகர்த்திவிடுங்கள். நீல பானத்தையும் மஞ்சள் பானத்தையும் கலந்தால் பச்சை வரும். அதை வளைந்த உறிஞ்சுகுழலால் குடித்தால் எச்சில் கெட்டியாகும். மதுக்கடைக்காரர் வயதுச் சான்று கேட்டால் ஃபேட் தீவு நூலக அட்டையைக் காட்டலாம். கடைசியாகக் காற்று. கூட்டத்தில் நிற்கும் பெண்ணின் கழுத்துத் துணி படபடக்கும் கணம்தான் காற்று வீசும் கணம், அப்போது துப்புங்கள். தோற்பவர்கள் பெரும்பாலும் இந்தத் துணியைக் கவனிக்காதவர்கள்.

கே: மீதிப் பாகங்களை எந்த வரிசையில் ஆடுவது? எதைத் தவிர்க்கலாம்?

ப: வெளிவந்த வரிசையே சிறந்தது. 1991-இன் இரண்டாம் பாகம் மூன்று தீவுகளை ஒரே சமயத்தில் திறந்துவிடுவதால் புதிர்களில் அதுவே உச்சம் என்பது எங்கள் கருத்து. பலர் அதன் முடிவை வெறுக்கிறார்கள். ஆனாலும் 2022-இல் கில்பர்ட்டும் டேவ் கிராஸ்மனும் திரும்பி வந்து செய்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலேண்ட்’ அந்த முடிவிலிருந்தே தொடங்குவதால் அதைத் தாண்ட முடியாது. 1997-இன் மூன்றாம் பாகம் கார்ட்டூன் ஓவிய அழகுக்காகவும், பதில்கள் எதுகையோடு வர வேண்டிய கடல் வசவுச் சண்டைக்காகவும் ஆட வேண்டியது. 2000-இன் நான்காம் பாகத்தில் மவுஸ் கிடையாது, விசைப்பலகையால்தான் நடத்த வேண்டும். அதிலுள்ள குரங்குச் சண்டைக்கு எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எந்த ஒலியால் மாறலாம் என்று தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் இறங்காதீர்கள். நேரம் குறைவு என்றால் அதைத்தான் விடலாம்.

கே: என் மகளுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிக்க வரும். வசனம் ஓடிவிடுகிறது.

ப: பழைய பதிப்பில் கழித்தல் விசையை அழுத்தினால் எழுத்து மெதுவாகும், கூட்டல் விசை வேகப்படுத்தும். ஸ்பேஸ் விசை ஆட்டத்தை நிறுத்தி வைக்கும். முற்றுப்புள்ளி விசையைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள், அது வாசிக்கும் வரியை அப்படியே தாண்டிவிடும். எஸ்கேப் விசை ஒரு காட்சியையே தாண்டிவிடும்.